தத்துவபோதகரும் திருமுழுக்கு ஆயத்தமும்: இராபர்ட் தெ நொபிலியின் வாழ்க்கை (1577–1656)

கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தை ஒன்றுக்குத் திருமுழுக்கு அளிக்கப்படும்போது அக்குழந்தையின் பொருட்டுப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் விசுவாசத்தை அறிக்கையிடுகின்றனர். வயது வந்தவர் ஒருவர் அத்திருமுழுக்கை நாடும்போது நிலை வேறு. அவர் தாமே கேட்டல் வேண்டும். கேட்பது இன்னதென்று அறிந்து கேட்டல் வேண்டும். இதுகாறும் கொண்டிருந்த கொள்கைகளுள் எவற்றை விடுவது, வாழ்க்கை நெறிகளுள் எவற்றைத் தொடர்வது என்பதில் தெளிவுற்றிருத்தல் வேண்டும். இத்தெளிவைத் தருதற்கென்று தொடக்கத் திருச்சபை ஓர் ஆயத்த காலத்தை வகுத்திருந்தது. மூன்றாம் நூற்றாண்டு வழக்கைக் காட்டுவதாகக் கருதப்படும் திருத்தூதர் மரபு என்னும் நூல் அதற்கு மூன்றாண்டுகளை வரையறுக்கிறது. குழந்தைத் திருமுழுக்குப் பெருவழக்கானபின் ஐரோப்பாவில் அம்முறை தேய்ந்து மறைந்தது. ஆதலின் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த துறவியர், தம் நாட்டில் பெரிதும் வழக்கிழந்திருந்த ஒரு முறையை இங்கே புதிதாக அமைக்க வேண்டியவராயினர். அம்முயற்சியைத் தமிழ் உரைநடை வழியாகவே செய்தவர் தத்துவபோதகர் என்று தமிழில் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி. உரைநடை வரலாறு எழுதுவோர் அவர் பெயரைத் தவறாமல் குறிக்கின்றனர். அவ்வுரைநடை எவருக்காக, எத்தேவையால் எழுந்தது என்பது அத்துணைப் பேசப்படுவதில்லை.

கடற்கரை மரபு

நொபிலி வருமுன் தமிழகக் கடற்கரையில் இரு தலைமுறைக் கால அனுபவம் இருந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர், கடல்வழிப் பகைவரிடமிருந்து போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை வேண்டித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுக்கு முன்னாயத்தம் என்று சொல்லத்தக்கதொன்று வாய்க்கவில்லை. கற்பித்தல் திருமுழுக்குக்குப் பின்னரே தொடங்கியது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, செபங்கள் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊர் ஊராக ஓதுவித்து மனப்பாடமாக்கினார். தாம் இல்லாத ஊர்களில் கற்பிக்கக் கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தினார். 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு திங்களுள் பதினாயிரம் பேருக்குத் திருமுழுக்களித்தார் என்பது அவர்தம் மடல்வழி அறியப்படுவது. அடுத்த ஆண்டில் மயிலாப்பூருக்கு வந்து, புனித தோமாவின் கல்லறையை அடுத்த பங்குக்குருவின் இல்லத்தில் நான்கு திங்கள் அளவில் தங்கினார்.

சவேரியாருக்குப் பின் அண்ட்ரிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும் அடுத்த ஆண்டு கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சேற்றினார். இந்நூல்களின் முதன்மையான பயன், முன்பே திருமுழுக்குப் பெற்றவர்க்கு மறையைக் கற்பித்தல். பெறாதவர் எழுப்பும் ஐயங்கட்கு இவற்றில் மிகுதியான இடமில்லை. கேட்க வேண்டிய வினாவை ஆசிரியரே கேட்கிறார். விடையும் முன்னரே அமைந்துள்ளது.

ஐரோப்பாவிலோ இதே காலத்தில் ஆயத்தம் பற்றிய சிந்தனை மீண்டும் துளிர்த்தது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547இல் வெளியிட்ட ஏற்புடைமை பற்றிய ஆவணம், வயது வந்தோர் அருளுக்குத் தம்மை ஆயத்தம் செய்யும் படிகளைத் தெளிவாகக் கூறிற்று: கேள்வியால் பிறக்கும் விசுவாசம், அச்சம், நம்பிக்கை, அன்பின் தொடக்கம், பாவ வெறுப்பு, திருமுழுக்குப் பெற்றுப் புதுவாழ்வு தொடங்கும் உறுதி என்பன அவை. 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூல், வயது வந்தோர்க்கு விரைந்து திருமுழுக்களித்தல் ஆகாது. காலந்தாழ்த்துதலில் நன்மை உண்டு என அறிவுறுத்தியது. இக்கொள்கைகள் நொபிலி பயின்ற இறையியலின் அடித்தளம். கடற்கரை வழக்குக்கும் இக்கொள்கைக்கும் இடையிலிருந்த தொலைவே அவர்தம் வாழ்க்கைப் பணியின் களமாயிற்று.

உரோமையிலிருந்து மதுரை வரை

1577 செப்டம்பரில் இத்தாலியின் உயர்குடி ஒன்றில் அவர் பிறந்தார். திருத்தந்தை மூன்றாம் ஜூலியஸ் அக்குடியின் உறவினர். இறையியலறிஞரான கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. பெல்லார்மின் எழுதிய மறைக்கல்விச் சுருக்கம் அந்நாளில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது. குடும்பத்தார் விருப்பத்துக்கு மாறாக ஏறத்தாழ இருபதாம் வயதில் நேப்பிள்சில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, 1605 மே திங்களில் கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சில காலம் தங்கித் தமிழ் பயின்றபின், 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாக நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

மதுரையில் 1595 முதல் கொன்சாலோ பெர்னாந்தெஸ் என்னும் போர்ச்சுக்கீசிய அடிகளார் பணியாற்றி வந்தார். முன்னர்ப் போர்வீரராயிருந்தவர்; எளியவர். வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்க்குக் குருவாக விளங்கியதோடு, சிறு பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தினார். நகரத்தார் அவரை மதித்தனர். ஆயினும் பதினோராண்டுகளில் அவர்களுள் திருமுழுக்கை நாடி வந்தவர் இல்லை என்றே சொல்லலாம். பிற்காலத்தார் சிலர் பெர்னாந்தெசை அறியாமையின் உருவாகவே வரைந்துவிட்டனர். அது முறையன்று. நொபிலியின் முறையை எதிர்த்து அவர் எழுப்பிய ஐயங்களுள் சில இன்றும் விடை வேண்டி நிற்பவை.

சடங்கில் ஒரு வினா

வயது வந்தவர்க்குத் திருமுழுக்களிக்கும் சடங்கில், அவரது விருப்பத்தை அவர் வாயாலேயே வெளிப்படுத்தச் செய்யும் வினாக்கள் உள்ளன. ஆயத்தம் முழுவதும் வந்து குவியும் இடம் அது. அவ்வினாவைக் கடற்கரை வழக்கில் தமிழாக்கியவர்கள், கிறித்தவர் ஆக விரும்புகின்றனையா என்பதற்கு ஈடாக, பரங்கிக் குலத்தில் புக விரும்புகின்றனையா என்ற பொருள்படக் கேட்டு வந்தனர். பெர்னாந்தெசும் அச்சொல்லையே ஆண்டார். அவருக்கு அது இழிசொல்லாகத் தோன்றவில்லை. தம் இனத்தாரையும் தம் சமயத்தாரையும் குறிக்கும் ஒரு சொல்லாகவே அதை அவர் கருதினார்.

மதுரையில் அச்சொல்லின் பொருள் வேறாயிருந்தது. மாட்டிறைச்சி உண்பவர், கள் குடிப்பவர், நீராடாதவர், எக்குலத்துள்ளும் அடங்காதவர் என்பதே பரங்கி என்ற சொல் எழுப்பிய எண்ணம். அவ்வாறாயின், திருமுழுக்கை நாடும் ஒருவரிடம் கேட்கப்பட்டது விசுவாசம் பற்றிய வினாவன்று. தம் குலத்தைத் துறந்து வேற்றினம் ஒன்றில் சேர ஒப்புகிறாரா என்ற வினா. அவர் விட வேண்டியது சிலை வழிபாடா, பெற்றோர் உறவா, உணவு நெறியா என்பது அங்கே பிரித்துக் காட்டப்படவில்லை. இம்மொழிபெயர்ப்பை நொபிலி கடுமையாகக் கண்டித்தார். அவர்தம் சீர்திருத்தம் காவியுடையிலிருந்து தொடங்கியதாகப் பலரும் எழுதுவர். உண்மையில் அது ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைக் கண்டதிலிருந்தே தொடங்கிற்று எனல் பொருந்தும்.

1607 முதல் அவர் தம் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டார். காவியுடை, பாதக்குறடு, தண்டு, கமண்டலம், நாளுக்கொருவேளை சோறும் கீரையும் பாலும், புலாலும் மதுவும் அறவே இல்லை, சமையலுக்கு அந்தணர். தாம் பரங்கி அல்லர் என்றும் உரோமையின் உயர்குடியில் பிறந்த துறவி என்றும் ஓலையில் எழுதி வெளிப்படுத்தினார். பரதவர் கோயிலினின்று வேறாகத் தம் சீடர்க்கென ஒரு கோயிலும் எழுப்பினார்.

இருபது நாள் உரையாடல்

அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் பள்ளி ஆசிரியர் ஒருவர்; நொபிலிக்குத் தமிழ் கற்பித்தவர். சைவர். அவருக்கும் நொபிலிக்கும் ஏறத்தாழ இருபது நாள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம், உரையாடல் நிகழ்ந்தது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்னும் கொள்கையிலிருந்து ஆசிரியர் தொடங்கினார். பசு அநாதியாயின் அது பதியால் படைக்கப்பட்டதன்று. படைக்கப்படாததாயின் பதிக்கு அதன்மேல் உரிமை எங்ஙனம் என்பது போன்ற வினாக்களால் நொபிலி அதை எதிர்கொண்டார். இல்லாமையிலிருந்து படைத்தல் என்னும் கருத்தை இருவருக்கும் பொதுவான சொற்களால் விளக்க வேண்டியிருந்தது. பின்னர் உரையாடல் மறுபிறப்புக்குச் சென்றது. முற்பிறவி வினை இல்லையெனின், ஒருவர் செல்வராகவும் ஒருவர் வறியவராகவும், ஒருவர் கண்ணுடையவராகவும் ஒருவர் குருடராகவும் பிறப்பதன் காரணம் யாது? தமிழகத்தில் மறையுரைத்த எவரும் தப்ப முடியாத வினா அது.

இவ்வுரையாடலில் நோக்கத்தக்கது அதன் முடிவைவிட அதன் அமைப்பு. கடற்கரையில் கற்பவர் ஓதினார். இங்கே கற்பவர் மறுத்தார். மறுக்கும் உரிமை ஆயத்தத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. தமிழ் கற்பித்தவரும் மறை கற்றவரும் ஒருவரே ஆதலின், ஆசிரியர்–மாணவர் நிலை நாள்தோறும் இருபுறமும் மாறியது. அல்பெர்ட் என்னும் பெயரோடு அவர் திருமுழுக்குப் பெற்றபோது, நொபிலியின் தமிழும் அவ்வுரையாடலால் உருப்பெற்றிருந்தது.

அடுத்து வந்தவர் சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர். அவர் நொபிலிக்கு வடமொழி கற்பித்தார். பிறர்க்கு ஓதலாகாது என்றிருந்த வேதத்தையும் அறியச் செய்தார். அவர் நெடுங்காலம் கேட்டும் வினவியும் தயங்கியும் 1609இல் போனிபாசியோ என்னும் பெயரோடு திருமுழுக்கை ஏற்றார். பூணூலைக் களையவில்லை. களைய வேண்டும் என்று நொபிலி கேட்கவுமில்லை. அதன்மீதே பின்னாளில் பெரும்பூசல் எழுந்தது.

உபதேச நூல்கள்

ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம், தூஷண திக்காரம், நித்திய ஜீவன சல்லாபம் முதலிய நொபிலியின் தமிழ் நூல்களை வெறும் நூற்பட்டியலாக அடுக்குவதே பெருவழக்கு. திருமுழுக்கை நாடுபவர் கடந்து செல்லும் படிகளாக இவற்றை நோக்கினால் இவை ஒவ்வொன்றின் இடமும் விளங்கும்.

முதற்படி, மறைவெளிப்பாட்டின் துணையின்றி அறிவால் அறியத்தக்கவை. இறைவன் ஒருவன் உளன். அவன் தானாயிருப்பவன், தொடக்கமும் முடிவும் அற்றவன், உடலற்றவன், அளவிறந்த நன்மையின் உறைவிடம், எங்கும் நிறைந்தவன், அனைத்திற்கும் முதற்காரணன். பிற்காலத் தமிழகக் கத்தோலிக்கச் சிறுவர் குறிப்பிடம் என்னும் சிறுநூலில் மனப்பாடம் செய்த ஆறு இலக்கணங்கள் இம்மரபைச் சார்ந்தவை. மெய்கண்ட நூல்களைப் பயின்ற ஒருவர்க்கு இவற்றுள் பெரும்பாலானவை அயன்மையானவை அல்ல. நொபிலி வேண்டுமென்றே அங்குத் தொடங்கினார். அக்குவினாசின் நெறியும் அதுவே; ஆயின் தமிழகத்தில் அதற்கொரு கூடுதற் பயன் இருந்தது. கேட்பவர் தம் மரபிலிருந்து வெளியேறாமலே முதல் அடியை எடுத்து வைக்க இயன்றது. மூவொருமை, மனுவுரு, மீட்பு என்பன இவ்வடித்தளம் உறுதிப்பட்ட பின்னரே வருகின்றன. சிலுவையை முதல் நாளிலேயே முன்வைத்த கடற்கரை முறைக்கு இது நேர்மாறு. இறைமகனே சற்குருவாக மண்ணில் வந்தார் என்று நொபிலி விளக்கும்போது, குரு–சீடன் என்னும் தமிழ்நாட்டு உறவே மீட்பின் வடிவமாகிவிடுகிறது.

சல்லாபம் என்னும் நூல்வடிவமும் இத்தேவையின் விளைவு. மெய்ம்மறையின் அடையாளங்கள் யாவை என்று சீடன் வினவ, குரு விடையிறுக்கிறார். தூஷண திக்காரமோ, மறையின்மேல் வெளியார் சுமத்தும் பழிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறது. திருமுழுக்கை நாடுபவர் தம் இல்லத்திலும் தெருவிலும் கேட்கவிருக்கும் பழிச்சொற்களுக்கு முன்கூட்டியே அவரை ஆயத்தப்படுத்தும் நூல் அது. உறவினரின் ஏளனத்தைத் தாங்கும் வலிமையும் ஆயத்தத்தின் கூறே என்பதை நொபிலி நன்குணர்ந்திருந்தார்.

இந்நூல்களின் நடை இன்றைய வாசகர்க்கு எளிதன்று. வடசொற்கள் நிறைந்தது, வாக்கியங்கள் எச்சங்களால் நீண்டு செல்பவை, கூறியது கூறல் மிகுதி. இலக்கிய அழகை எதிர்பார்த்துச் சென்ற திறனாய்வாளர் ஏமாற்றமுற்றதில் வியப்பில்லை. ஆயினும் இக்குறைகளுள் பல, வாய்மொழிக் கற்பித்தலின் தேவைகள். கேட்பவரிடம் ஏடு இல்லை. மறுநாள் வரும்போது முதல்நாள் கருத்து நினைவிலிருக்க வேண்டும். ஆதலின் முடிந்த கருத்தைத் தொகுத்துரைத்தே அடுத்ததற்குச் செல்ல வேண்டியிருந்தது. உரையாசிரியர் காலந்தொட்டுத் தமிழில் தருக்க உரைநடை உண்டு; அது செய்யுளைச் சார்ந்து நின்றது. மூலச் செய்யுள் எதுவுமின்றி, ஒருவரை இணங்கச் செய்தல் என்னும் நோக்கொன்றாலேயே நெடிதாக இயங்கும் தமிழ் உரைநடைக்கு நொபிலியின் ஆக்கங்கள் தொடக்கக்காலச் சான்றுகளாகும். தம்பிரான் போய்ச் சர்வேசுரன் வந்ததும், போர்ச்சுக்கீசியச் சொற்கள் பல நீங்கியதும் சொல்மாற்றங்கள் மட்டுமல்ல. பரங்கிக் குலத்தில் புகுதல் என்னும் பொருள் சடங்கிலிருந்து நீங்கியதன் தொடர்ச்சி அவை.

புனர்ஜென்ம ஆக்ஷேபத்தில் ஓர் இடத்தைச் சுட்டாமல் செல்லலாகாது. பிறவி ஏற்றத்தாழ்வுக்கு முன்வினை காரணமன்று என்று நிறுவப் புகுந்த நொபிலி, உடலில் உறுப்புகள் பலவாயிருத்தல் போலச் சமுதாயத்திலும் பல நிலையினர் இருத்தல் ஒழுங்குக்கு வேண்டும் என்ற வாதத்தை மேற்கொள்கிறார். வினைக் கோட்பாட்டினின்று ஏழையை விடுவித்த வாதம், அவ்வேழைமையை இறை ஒழுங்கின் பகுதியாக்கிவிடுகிறது. தருக்கத்தில் வென்ற இடத்திலேயே அவர்தம் முறையின் எல்லையும் தெரிகிறது.

கோவாவும் உரோமையும்

1610இல் பெர்னாந்தெஸ் தம் மேலாளர்க்கு முறையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன சமயச் சின்னங்கள். இவற்றை விடாதவர் உண்மையில் மனமாற்றம் அடைந்தவர் ஆகார் என்பது குற்றச்சாட்டின் சாரம். நொபிலி இவற்றைக் குலச் சின்னங்கள் என்றும் சமூக வழக்குகள் என்றும் வாதித்து, 1613இலும் 1619இலும் விரிவான இலத்தீன் ஆவணங்களை எழுதினார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அவர் பக்கம் நின்றார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் அந்நகரப் பேராயர் கிறிஸ்தோவாவோ தெ சா எதிர்த்தார். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடவழக்குகள் நீக்கப்படும் என்ற கட்டுப்பாட்டோடு அச்சின்னங்களுக்கு இசைவளித்தார். உயர்குடியினர், கோயிலிலும் திருவருட்சாதனங்களிலும் எளியோரை இகழலாகாது என்ற வேண்டுகோளும் அவ்வாணையில் இடம்பெற்றது. இசைவு நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

வழக்கின் உட்பொருள் ஆயத்தம் பற்றியதே. வயது வந்தவர் ஒருவர் திருமுழுக்குக்கு முன் எதை விட வேண்டும் என்பதற்கு எல்லைக்கோடு வரைதல் எளிதன்று. பூணூல் வழிபாடா, வழக்கமா? நொபிலியின் விடை தெளிவாயிருந்தது. ஆயினும் வாழ்வில் அவ்விரண்டும் அத்துணைத் தெளிவாகப் பிரிந்து கிடந்தனவா என்பது ஐயத்துக்குரியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலோ வேறொரு சிக்கலைத் தந்தது. பழங்காலத்தில் பல திங்களுக்குப் பிரித்து நிகழ்த்தப்பட்ட ஆயத்தச் சடங்குகளை அது ஒரே நிகழ்ச்சியாகச் சுருக்கியிருந்தது. ஊதுதல், நாவில் உப்பிடுதல், செவியிலும் நாசியிலும் உமிழ்நீர் தொடுதல் ஆகியன அதில் அடங்கும். எச்சிலைத் தீட்டெனக் கருதும் மண்ணில் இக்கடைசிச் சடங்கு எத்தகைய அருவருப்பை எழுப்பும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மதுரைப் பணித்தளத்தார் அதைத் தவிர்த்து வந்தனர். 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை அதை மீண்டும் வலியுறுத்தியதும், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்கு வழக்கை முடித்துவைத்ததும் பிந்தைய வரலாறு.

இரு வகைக் குருக்கள்

1623இல் நொபிலி மதுரையிலிருந்து வடக்கே பயணம் மேற்கொண்டு, சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் மறையுரைத்தார். சேலம் ஆட்சியாளர் இராமசந்திர நாயக்கரின் தமையன் திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். இக்காலத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் மறையை நாடி வந்தனர். சன்னியாசியாக வாழ்ந்த நொபிலி அவர்களை வெளிப்படையாக அணுக இயலவில்லை. இரவிலும் மறைவிலும் கற்பித்தல் நெடுநாள் நிகழ்தற்கில்லை. இதற்குத் தீர்வாக 1640இல் பண்டாரசாமி என்னும் புதிய நிலை தோன்றியது. பல்தசார் தா கோஸ்தா முதற் பண்டாரசாமியாக எல்லாக் குலத்தாரையும் சந்தித்துக் கற்பித்தார். எண்ணிக்கையில் மதுரைத் திருச்சபை பெருகியது இவர்கள் வழியாகவும், ஊர்தோறும் உழைத்த வேதியர் வழியாகவுமே. சீடரை மாதக்கணக்கில் கற்பித்து, அவர்தம் நடத்தையைச் சான்றளித்துக் குருவிடம் அழைத்து வந்தவர்கள் அவ்வேதியரே. அவர்களுக்கென வீரமாமுனிவர் அடுத்த நூற்றாண்டில் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை இயற்றினார்.

பரங்கிக் குலம் என்னும் வேலியை நொபிலி அகற்றினார். அவ்விடத்தில் தமிழ்நாட்டுக் குலங்கள் தம் வேலிகளோடு உள்ளே வந்தன. ஒரே நூலின் உபதேசம் இருவேறு குருக்களிடம் இருவேறு இடங்களில் கேட்கப்பட்டது. இதனை அவர்தம் காலத்தின் நெருக்கடி என்று மட்டும் சொல்லி அமைதல் போதாது. அவருடைய வாதமே இப்பிரிவைத் தாங்கி நின்றது.

எதை விடுவது என்ற வினாவில் உடைகளையும் சின்னங்களையும்விடக் கடுமையானவையும் இருந்தன. நொபிலிக்குப் பின் 1693இல் மறவர் நாட்டுத் தடியத் தேவர் திருமுழுக்கை ஏற்று, மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதன் விளைவாகவே அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் தலையிழந்தார். ஆயத்தத்தின் விலையைச் சில வேளை கற்பித்தவரும் கொடுக்க நேர்ந்தது.

மயிலாப்பூர்

1640இல் மதுரையில் நொபிலி சிறைப்பட்டார். திருமலை நாயக்கரின் ஆணையால் பின்னர் விடுதலை பெற்றார். பார்வை குன்றியது. 1640களின் நடுவில் மதுரைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்; 1648 அளவில் மயிலாப்பூருக்கு வந்தார்.

போர்ச்சுக்கீசியர் சாந்தோம் என்றழைத்த அந்நகரம், அவர் வாழ்நாள் முழுவதும் விலகி நின்ற உலகமேயாகும். கோட்டை, மறைமாவட்டப் பேராலயம், கடல்வணிகர், போர்ச்சுக்கீசியப் பெயர் பூண்ட தமிழ்க் கிறித்தவர் என அங்குத் திருச்சபையும் பரங்கியர் வாழ்வும் பிரிக்க இயலாதபடி இணைந்திருந்தன. சற்றுத் தொலைவிலுள்ள குன்றைத் தமிழர் பரங்கிமலை என்றே இன்றளவும் வழங்குகின்றனர். அவர் சடங்கிலிருந்து நீக்கிய சொல், ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டது. நகருக்குள் தம் சபையாரின் இல்லத்தில் வசதியாக வாழ இடமிருந்தும், நொபிலி மதிலுக்கு வெளியே சிறு குடிலொன்றில் தங்கினார். காவியுடையையும் புலால் மறுத்த உணவையும் கைவிடவில்லை. முதுமையையும் நோயையும் காட்டிப் பிறர் வேண்டியபோதும் கீரையுணவே அவர்தம் உணவாயிற்று.

இதனைப் பிடிவாதம் என்று கொள்வாரும் உளர். ஆயின் மதுரை நாட்டிலிருந்து வருவோர் அவரைக் காண நேரின், காவியுடையும் உணவு நெறியும் வெறும் வேடமே என எண்ண இடமளித்தலாகாது என்பது அவர் கருத்தாயிருத்தல் கூடும். கற்பித்தவரின் வாழ்க்கை பொய்த்தால், கற்றவர் பெற்ற தெளிவும் ஐயத்துக்குள்ளாகும்.

கண்பார்வை மிகவும் மங்கிய அவ்வாண்டுகளில், உடனிருந்த சீடர் சிலரைக் கொண்டு தம் தமிழ் நூல்களைத் திருத்தியும் விரித்தும் சொல்லி எழுதுவித்தார். நாற்பதாண்டுக் கால உரையாடல்களில் எழுந்த வினாக்கள், மறுப்புகள், விடைகள் யாவும் அவர் நினைவிலிருந்து ஏட்டுக்கு வந்தன. வாய்மொழியாகப் பிறந்த உரைநடை வாய்மொழியாகவே இறுதி வடிவம் பெற்றது. நூல்களில் காணும் கூறியது கூறலுக்கும், திடுமென எழும் சீடன் வினாவுக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

1656 ஜனவரி 16ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், அவர் மயிலாப்பூரில் மறைந்தார். ஆறாண்டுகளுக்குப்பின் கோல்கொண்டாப் படை அந்நகரைக் கைப்பற்றியது. நூல்களின் படிகளோ மறைபோதகர் கைகளிலும் வேதியர் இல்லங்களிலும் படியெடுக்கப்பட்டுப் பரவியிருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கி, 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழக வெளியீடுகளாகப் பதிப்பித்தவர் இயேசு சபை அடிகளார் ச. இராசமாணிக்கம். அப்பதிப்புகள் வெளிவந்த அதே பத்தாண்டில், 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு, வயது வந்தோர்க்கான படிமுறை ஆயத்தத்தை மீண்டும் நிறுவியதோடு, மறைபரப்பு நாடுகளில் அவ்வம் மக்களின் புகுமுகச் சடங்குக் கூறுகளை ஏற்கவும் இடமளித்தது. 1972இல் அதற்கான சடங்கு நூல் வெளிவந்தது. இன்று தமிழகப் பங்குகளில் திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர் அப்புதிய நூலின்வழியே கற்கின்றனர். நொபிலி மயிலையில் சொல்லி எழுதுவித்த ஏடுகளைப் படிப்போர் பெரும்பாலும் உரைநடை வரலாறு பயிலும் மாணவரே.